சமுத்திரம் மருவிச் சந்திரம்

ஓசூருக்கு நான் வந்து இறங்கிய நாளில் என் தகரப் பெட்டிக்குள் இரண்டு கிலோ கருவாடு இருந்தது. நெத்திலி பாதி, சூடை பாதி. அம்மா அதைச் செய்தித்தாளில் சுற்றி, பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அதற்கு மேல் என் சட்டைகளை அடுக்கியிருந்தாள். 1986ஆம் வருடம். இராமேசுவரத்துக்குச் சாலைப் பாலம் திறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. 1914இல் போட்ட ரயில் பாலத்தை விட்டால் எங்களுக்கும் மண்டபத்துக்கும் நடுவே தண்ணீர்தான். ரயிலில் மதுரை, அங்கிருந்து பஸ்ஸில் சேலம், சேலத்தில் மாறி இன்னொரு பஸ். வந்து பெட்டியைத் திறந்தபோது ஒரு சட்டை பாக்கியில்லாமல் எல்லாமே கடல் வாசம் பிடித்திருந்தது.

மூக்கண்டப்பள்ளியில் ஓட்டு வீடொன்றின் பின்கட்டில் அறை கிடைத்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் பயிற்சித் தொழிலாளி வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து நெத்திலியை வறுத்தேன். இரண்டு நிமிடத்தில் வீட்டுக்கார அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

“என்ன தம்பி, உள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?”

வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், கறிக்கடைக்காரரிடம் உருது, என்னிடம் தமிழ் என்று நாலு மொழியில் புழங்கியவர் அவர். நாலிலும் கோபப்படத் தெரியும். அன்றைக்கு நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்துக்கொண்டதை எப்படியோ தெரிந்துகொண்டு, இருட்டியதும் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நடுவில் கேழ்வரகுக் களி உருண்டை, சுற்றிலும் பிதுக்கம்பருப்புக் குழம்பு. அவரைக்காய் காய்க்கும் பனிக்காலத்தில் மட்டும் கிடைப்பது அது. பச்சை அவரை விதையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை உரித்துக் குழம்பு வைப்பார்கள். ஒரு வீட்டுக்குக் குழம்பு வைக்க ஒரு பிற்பகல் முழுதும் பெண்கள் உட்கார்ந்து பிதுக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் நான் களியை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினேன். அது பல்லில் அப்பிக்கொண்டு அசைய மறுத்தது.

“கடிக்காத தம்பி. முழுங்கு.”

முழுங்கினேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் படியில் உட்கார்ந்திருந்தார். கடலைப் பற்றிக் கேட்டார். பார்த்ததே இல்லையாம். “எங்க அம்மா ஊரு கோபசந்திரம். அங்க ஏரி நெறஞ்சா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குரல் கேக்காது. அதவிடப் பெருசா?” பெரிசு என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘சந்திரம்’ நிலா இல்லை, சமுத்திரம். அரசர்களும் பாளையக்காரர்களும் ஏரி வெட்டி அதற்குச் சமுத்திரம் என்று பேர் வைத்தார்கள். கன்னட வாயிலும் தெலுங்கு வாயிலும் தமிழ் வாயிலும் புரண்டு அது தேய்ந்தது. கோபசந்திரம், மல்லச்சந்திரம். எல்லைக்கு அப்பால் பொம்மசந்திரா, சிங்கசந்திரா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் கடலைக் கண்ணால் பார்க்காதவர்கள் ஊருக்கு ஊர் கடலைப் பேராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீவில் பிறந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தீவுகளையும் இங்கேயே பார்த்த பிறகு வேடிக்கை தீர்ந்தது.

*

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி ஓசூர் வரும்போது சன்னலோரம் கிடைத்தால் கவனித்துப் பாருங்கள். கோட்டையைத் தலையில் சுமந்த சையத் பாஷா மலையில் தொடங்கி, குருபரப்பள்ளி, சூளகிரி என்று வழி முழுக்க ஒற்றைப் பாறைக் குன்றுகள். தொடராக இல்லாமல், சமவெளியில் திடுமென்று எழுந்து நின்று அப்படியே முடிந்துபோகும் குன்றுகள். தமிழில் கரடு என்போம். கன்னடத்தில் பெட்ட. தெலுங்கில் குட்ட. தமிழ்க் குட்டையில் தண்ணீர் நிற்கும், தெலுங்குக் குட்டயில் ஆடு ஏறும். இந்தக் குழப்பத்தில் புதிதாக வந்த நில அளவைக்காரர்கள் எத்தனை பேர் தவித்திருப்பார்களோ.

1900ஆம் ஆண்டுவாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சுற்றிய பொர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானிய நிலவியலாளர் இதே மாதிரிக் குன்றுகளைப் பார்த்துவிட்டு ‘இன்செல்பெர்க்’ என்று பெயர் வைத்தார். இன்செல் என்றால் தீவு, பெர்க் என்றால் மலை. கடலில்லாத நாட்டின் நடுவே நின்றுகொண்டு அவருக்குத் தீவு ஞாபகம் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரிப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. சுற்றியிருந்த மென்மையான மண்ணும் கல்லும் மழையில் கரைந்து போய்விட, கரையாதவை நிற்கின்றன. எங்கள் இராமேசுவரத்தின் கதை இதற்கு நேர் தலைகீழ். பனியுகத்தில் அது நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. பிறகு கடல் ஏறித் தீவாக்கிவிட்டது. இரண்டிலும் தீவு தான் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மாறியதெல்லாம் அதைச் சுற்றியிருந்தவை.

பாறைமேல் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். ஒரு பிப்ரவரியில் ஏறினால் ஒன்றுமே இருக்காது. விரிசல்களில் பழுப்பு நிறத்தில் சுருண்டு கிடக்கும் பூண்டைக் காய்ந்து செத்தது என்று தாண்டிப்போவோம். முதல் மழை விழுந்த மறுநாள் அதே பூண்டு பச்சை விசிறியாக விரிந்து நிற்கும். மயில்சிகை என்ற பெரணி அது. பாறை ஓணானின் ஆண், இணைதேடும் காலத்தில் முதுகில் நெருப்பு நிறம் ஏற்றிக்கொண்டு உச்சிக் கல்லில் உட்கார்ந்து தலையாட்டும். உருட்டுக்கல் இடுக்குகளில் பகலெல்லாம் கரடி தூங்கும். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை. தென்னிந்தியாவின் இந்த மாதிரிப் பாறைச் சரிவுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அதற்கு இடமில்லை. நான் அதன் குரலை இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறேன். உருவத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் போக அது வெட்டவெளியைக் கடக்க வேண்டும். அதற்கு அதுதான் கடல்.

மனிதரும் இந்தத் தீவுகளில்தான் முதலில் ஒதுங்கியிருக்கிறார்கள். பர்கூருக்குப் பக்கத்தில் மல்லப்பாடியில் பாறைமேல் வெள்ளை நிறத்தில் குதிரைக்காரர்கள் ஈட்டியை நீட்டிச் சண்டையிடுகிறார்கள். தொகரப்பள்ளிக்கு அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தபோது மாவட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மிகப் பழைய இரும்பு கிடைத்த இடம் என்ற அந்தப் பெருமையை 2025 ஜனவரியில் சிவகளை என்ற ஊர் தட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் நாலாயிரத்து இருநூறு வருடம் சின்னக் கணக்கில்லை.

மல்லச்சந்திரத்துக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். குன்றின் மேலே நூற்றுக்கணக்கில் கற்திட்டைகள். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே மூடுகல், ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை. செத்தவருக்கு எடுத்த வீடுகள் இவை. ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். உள்ளே தலையை நீட்டினால் சில பலகைகளில் வெள்ளைக் கோட்டோவியம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. முதல் முறை போனபோது மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் மழைக்கு அதற்குள் குந்தியிருந்தான். நானும் பக்கத்துத் திட்டைக்குள் புகுந்துகொண்டேன். துளை வழியாக எதிர்க்குன்று தெரிந்தது. மூன்றாம் முறை போனபோது தூரத்தில் வேறொரு குன்றில் பாதியைக் காணோம். கத்தியால் வெட்டிய வெண்ணெய்க்கட்டி மாதிரி செங்குத்தாக, வழவழப்பாக, மிச்சம் நின்றது.

கிருஷ்ணகிரிப் பாறை உலகப் புகழ் பெற்றது. ஊதாவும் சாம்பலும் இளஞ்சிவப்பும் அலையலையாக ஓடும் ஒரு கருங்கல் வகைக்குச் சந்தையில் ‘பாரடைஸோ’ என்று பெயர். சொர்க்கம் என்று பொருள். ஏதோ ஒரு நாட்டில் சமையலறை மேடையாகவோ கல்லறைப் பலகையாகவோ அது பளபளக்கும். தீவைக் கடல் கரைப்பதற்கு யுகம் தேவை. வைரம் பதித்த கம்பிக்கு அத்தனை பொறுமை கிடையாது.

*

இந்த நிலத்தை ஒருகாலத்தில் ஆண்டதே ஒரு தீவிலிருந்துதான் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஹைதர், திப்பு இருவருக்கும் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரியின் நடுவே இருக்கும் ஆற்றிடைக்குறை. பாராமகால் என்ற இந்தப் பகுதியின் பன்னிரண்டு கோட்டைகளுக்கும் உத்தரவு அங்கிருந்து வந்தது. 1791இல் ஓசூரும் இராயக்கோட்டையும் கும்பினிப் படையிடம் விழுந்தன. 1792இல் அதே தீவில் எழுதிய உடன்படிக்கையில் பாராமகால் கைமாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் ஊர் ஊராகப் போய் வயலை அளந்து, இடைத்தரகர்களை விட்டு நேரடியாக உழுகிறவனோடு வரிக்கணக்கு வைத்துப் பார்த்தார்கள். ரயத்துவாரி முறைக்கு இதுதான் ஒத்திகை மேடை. நிலம் துண்டுதுண்டாகத் தாளில் ஏறியது அப்போது. இன்றைய மனைப்பிரிவுக்காரர்களின் வண்ண வரைபடத்துக்கு மூதாதை மன்றோவின் கணக்குப்புத்தகம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. யாரும் சிரிப்பதில்லை.

*

பனாமாவில் கால்வாய்க்காக ஓர் ஆற்றைத் தடுத்து ஏரி உண்டாக்கினார்கள். 1914வாக்கில் நீர் ஏறி நிறைந்தபோது ஒரு மலையின் உச்சி மட்டும் மூழ்காமல் தீவாகிவிட்டது. பரோ கொலராடோ என்று பேர். காடு அப்படியே இருந்தது. அதை ஆராய்ச்சிக்கென்று காப்பாற்றி வைத்தார்கள். ஆனாலும் வருடங்கள் போகப்போகப் பறவைகளில் ஒவ்வொரு இனமாகக் காணாமல் போனது. இருந்த இடத்திலேயே, இருந்த மரங்களிலேயே.

மெக்கார்தர், வில்சன் என்ற இரண்டு உயிரியலாளர்கள் 1967இல் இதை ஒரு கணக்காக எழுதினார்கள். தீவு சிறிதானால் உயிரினம் குறையும். கரையிலிருந்து தொலைவு கூடினாலும் குறையும். பரப்பு பத்தில் ஒரு பங்கானால் உயிரினங்கள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான மதிப்பீடு. வயல்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே சிக்கிய காட்டுத் துண்டுகளுக்கும் இதே கணக்குப் பொருந்துமா என்று பிற்பாடு உலகமெங்கும் பார்க்கத் தொடங்கினார்கள். பெரும்பாலும் பொருந்தியது. சிறு வேறுபாடு உண்டு. கடலில் யானை நடக்காது. வயலில் நடக்கும்.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் சானமாவுக் காடு வரும். காடு என்று தெரிந்து நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிடும். சுற்றிலும் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள். வெயிலில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் கூரைகள் மின்னுவதை மேட்டிலிருந்து பார்த்தால் கரையில் அலை நுரைப்பது போலவே இருக்கும். எனக்கு எங்கள் தீவின் ஓலைக்குடாக் கடற்கரைதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு பக்கம் தொழிற்சாலை, ஒரு பக்கம் தக்காளி, ஒரு பக்கம் நட்ட கல்லும் வண்ணக்கொடியும் போட்ட மனைகள். இந்தத் துண்டுக் காட்டுக்கு ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி கார்த்திகையில் யானைகள் வருகின்றன. பன்னேருகட்டாவில் கிளம்பி ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம் வழியாக. பத்து, இருபது, சில வருடம் நாற்பதுக்கும் மேல். நாளிதழில் அன்று ஒரே வாசகம்தான்: “சானமாவில் யானைகள் முகாம்.” முகாம் என்ற சொல்லை யார் முதலில் போட்டாரோ, சரியான சொல். ராணுவமும் முகாமிடும், அகதியும் முகாமில் இருப்பான்.

யானை வருவது கேழ்வரகுக்காக. ஆனி ஆடியில் விதைத்தது கார்த்திகையில் முற்றுகிறது. இடையிடையே அவரை, கடுகு, ஆமணக்கு என்று சால் விட்டிருப்பார்கள். அறுவடைக்கு முந்திய இரண்டு மூன்று வாரம் விவசாயிக்குத் தூக்கமில்லை. வயலோரப் பரணில் தகர டப்பாவும் டார்ச்சும் பட்டாசுமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

போடூர்பள்ளம் பக்கம் ஒருவருடைய பரணில் நான் ஓர் இரவு இருந்தேன். தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவரின் அண்ணன் அவர். பேச்சு வழக்கில் யானை என்று சொல்ல மாட்டார். இருட்டில் பேர் சொல்லக் கூடாது, ‘சாமி’ என்பார். முந்தின வருடம் அவர் வயலில் நாலு சாமிகள் இறங்கியிருக்கின்றன.

“ராகிய மட்டும் மேஞ்சிட்டு அவரையத் தொடவே இல்ல சார். அதுக்கும் பிதுக்கறதுக்குப் பொறுமை இல்ல போல.”

சிரித்தார். பிறகு நஷ்ட ஈட்டுக்குக் கொடுக்க வேண்டிய தாள்களை விரல்விட்டு எண்ணினார். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார் ஜெராக்ஸ், வங்கிப் புத்தகம், வயலில் நின்று எடுத்த போட்டோ. யானை மிதித்த வயலில் நின்று போட்டோ எடுக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்றார். இரவு இரண்டு மணி சுமாருக்குக் கீழே இருட்டு இன்னும் கொஞ்சம் அடர்ந்த மாதிரி இருந்தது. கதிர் ஒடியும் சத்தம் கேட்டது. அவர் டார்ச்சை அடிக்கவில்லை. டப்பாவைத் தட்டவில்லை. பக்கத்து வயல்காரர் வெடி போட்டார். இருட்டு கலைந்து காட்டுப் பக்கம் போனது. “ஏன் நீங்க ஒண்ணும் செய்யல?” என்று கேட்டேன். “குட்டி இருந்திச்சி” என்றார். அவ்வளவுதான் பதில்.

இவ்வளவு அலைக்கழிப்புக்கு நடுவிலும் யானைகள் ஒரு காரியம் செய்திருக்கின்றன. 1980களில் ஒரு கூட்டம் இந்த வழியாகவே கிழக்கே நடந்து ஆந்திரத்தின் சித்தூர்க் காடுகளை எட்டியது. இருநூறு ஆண்டுக் காலம் யானையைக் காணாத காடு அது. அவற்றுக்காகவே 1990இல் கவுண்டின்யா சரணாலயத்தை அறிவித்தார்கள். தீவிலிருந்து தீவுக்குத் தாவி, அடுத்த கரையில் குடியேறிய கதை. எந்த மாலுமியின் கதைக்கும் இது குறைந்ததில்லை. ஆனால் அதே பாதையில் பேரண்டப்பள்ளி அருகே ஆறு வழி நெடுஞ்சாலை குறுக்கே கிடக்கிறது. அடிபட்டுச் செத்த யானையும் உண்டு. அகழி வெட்டுகிறார்கள், சூரிய மின்வேலி போடுகிறார்கள், எஃகுக் கம்பிவடத்தில் வேலி கட்டுகிறார்கள். விவசாயியின் பக்கமிருந்து பார்த்தால் இதில் ஒன்றும் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வேலியும் தீவின் கரையை இன்னும் கொஞ்சம் செங்குத்தாக்குகிறது.

*

தொலைதூரத் தீவு என்று சொல்லத்தக்கதும் இந்த மாவட்டத்தில் உண்டு. தேன்கனிக்கோட்டையிலிருந்து அய்யூர்க் காட்டைக் கடந்து ஏறினால் பெட்டமுகிளாளம். அதற்கும் அப்பால் கொடகரை. இருளர் ஊர். நான் நண்பர் ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். பாதி வழியில் இறங்கி நடந்தேன், பாதியில் பைக்கை நாங்கள் தூக்கினோம். சிப்காட்டில் கைக்கடிகாரம் முதல் லாரி வரை செய்கிறோம். கிளம்பிய இடத்திலிருந்து ஒரு பகல் பயணத்தில் இப்படி ஒரு தடம்.

மேலே காற்று வேறு. மேலகிரி மலைகள் அலையலையாகக் காவிரி வரை இறங்குகின்றன. தூரத்தில் நீர்க்கோடு ஒன்று வெயிலில் வெட்டியது. ஒரு வீட்டில் எங்களை உட்காரவைத்துச் சாமைச் சோறும் கொள்ளுச் சாறும் போட்டார்கள். கொள்ளுச் சாறின் காரத்தில் மூக்கு ஒழுகியது. வீட்டுப் பெரியவர் மலைத்தேனைப் பற்றிப் பேசினார். பாறை முகட்டில் கயிறு கட்டி இறங்குவது, கயிற்றை யார் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது. மேலே நின்று கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். “தங்கச்சி தாலி அவன் கையில இருக்குன்னு நெனப்பு இருக்கும்” என்றார். அண்ணன் தம்பி பிடித்தால் பங்காளி எண்ணம் வந்துவிடலாம். பங்குச்சந்தையே கற்றுக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடு.

2014இல் 504 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி வடக்குச் சரணாலயம் வந்தது. 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்குச் சரணாலயம். கர்நாடகப் பக்கத்துக் காவிரி, மலை மாதேஸ்வரா சரணாலயங்களோடு சேர்ந்து இன்றைக்கு இது தொடர்ச்சியான பெருங்காடு. ஆற்றோர நீர்மருது மரங்களில் சாம்பல்நிற மலையணில் தாவுகிறது. ஆற்றில் நீர்நாயும் முதலையும். காட்டில் நாற்கொம்பு மான். அரசாங்கம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்றுதான் சொல்வேன். சரணாலயக் கோட்டுக்குள் அகப்பட்டவர்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சாலைக்கும் இனி யாரிடம் கேட்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

இப்போது வார இறுதிகளில் பெங்களூரிலிருந்து வரிசையாக பைக்குகள் வருகின்றன. தலைக்கவசத்தில் கேமரா. கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் கொஞ்சம், படிக்காமல் வருகிறவர்கள் மிச்சம். ஜவளகிரியும் அஞ்செட்டியும் முத்தூரும் அந்தக் கதைகளால் உலகம் அறிந்த பெயர்கள். 1954இல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலி இருக்கிறது. அவராவது தடம் காட்டிய பூசாரி பைராவின் பேரைச் சொன்னார். இன்றைக்கு வருகிறவர்கள் ‘யாருக்கும் தெரியாத இடம்’ என்று படம் போடுகிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியாதா? எங்கள் தீவுக்கும் இப்படித்தான் வருவார்கள். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரில் சாய்ந்து படம் எடுப்பார்கள். அந்தப் புயலில் என் அப்பாவின் தம்பி போனார். இடிபாடு அழகாக இருக்கிறது என்று என்னிடமே ஒருவர் சொல்லியிருக்கிறார். நானும் ஆமாம் என்றேன்.

*

ஓய்வு பெற்று வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒடிசாவின் கோராபுட்டிலிருந்து வந்த நாலு பையன்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகள். மூன்று ஷிப்டில் வேலை, ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூக்கம். தமிழ் தெரியாது. கன்னடமும் தெலுங்கும் எட்டிப்பார்ப்பதற்குள் ஷிப்ட் மாறிவிடும். தெருவில் யாரும் அவர்களோடு பேசுவதில்லை. அவர்களும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கோராபுட்டோடு மட்டும் பேசுகிறார்கள். இந்த நகரத்தில் இப்படி எத்தனை மாடியறைகள். 2019இல் மாநகராட்சியான ஊர், அதற்குள் அளவெடுக்க முடியாதபடி வீங்கிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து அந்த வாசம் வந்தது. முப்பத்தெட்டு வருடம் கழித்தும் மூக்கு மறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் தட்டி, “சார், மேல என்ன செத்துக் கெடக்குன்னு பாருங்க” என்றார். ஏறிப் போனேன். தவாவில் கருவாடு. ஒரு பையன் பயந்துபோய் எழுந்து நின்று, “சுக்குவா... அங்கிள், சாரி” என்றான். ஒடியாவில் கருவாட்டுக்குச் சுக்குவா என்று பேர். ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன். உப்பு கொஞ்சம் தூக்கல், மீன் ஆற்று மீனா கடல் மீனா என்று தெரியவில்லை. நன்றாக இருந்தது.

இரவு கீழே கூப்பிட்டேன். என் மனைவி இந்த ஊர்க்காரி. தை மாதம், அவரைக்காய்க் காலம். களியும் பிதுக்கம்பருப்பும். பையன்கள் மெல்லுவார்கள், பல்லில் அப்பும், சிரிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். முதல் பையன் உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, லாவகமாக முழுங்கினான்.

“மாண்டியா” என்றான். கேழ்வரகுக்கு அவன் ஊரில் அதுதான் பேர். அவன் பாட்டி காலையில் மாண்டியாக் கஞ்சியைச் சுரைக்குடுவையில் ஊற்றிக்கொண்டு காட்டுக்குப் போவாளாம். அவன் கைபேசியில் அந்த மலையைக் காட்டினான். ஒற்றைப் பாறைக் குன்று, அடியில் ஊர், பக்கத்தில் நீர் நிறைந்த பெரிய அணை. ஊர்ப் பேரைக் கேட்டேன். சொன்னான், எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இன்னொரு தரம் கேட்கவில்லை.

வீட்டுக்கார அம்மா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. கடைசிவரை கடலைப் பார்க்கவில்லை. ஒருமுறை இராமேசுவரத்துக்கு அழைத்துப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஷிப்டும் லீவும் ஒத்துவரவில்லை.

சானமாவுக்கு யானைகள் இந்த ஆண்டும் வந்துவிட்டன. மாசி பங்குனியில் திரும்பிப் போகும்வரை இராயக்கோட்டைச் சாலையில் இரவில் போகிறவர்கள் காட்டுப் பகுதியில் மெதுவாகப் போங்கள். முன்னால் வண்டிகள் நின்றிருந்தால் முந்தாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கைத் தாழ்த்துங்கள். இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். குட்டி கடந்து முடிக்கக் கொஞ்சம் நேரமாகும்.